மணி பார்த்துச் சாப்பிடும் ஊர்: வலென்சியா நாட்குறிப்பு

புதன், ரூசாஃபா

வலென்சியாவில் வயிறாரச் சாப்பிட நினைக்கிறவர் நல்ல கடை எது என்று விசாரிப்பதற்கு முன்னால் மணியைப் பார்க்கப் பழக வேண்டும் என்பது அக்காவின் கட்சி. என் பெரியம்மா மகள். திருவாரூர்ப் பக்கம் பிறந்து, இந்த ஊர்க்காரரைக் கல்யாணம் செய்துகொண்டு, இருபது வருஷத்துக்கு மேலாக ரூசாஃபா பேட்டையில் குடியிருக்கிறார். வெளியே சாப்பிடுவதைப் பற்றி அவர் சொல்வதையெல்லாம் அன்றன்றைக்கே எழுதிப் போட்டுவிடுவது என்று கிளம்பும்போதே தீர்மானித்திருந்தேன். ஸ்பெயின் போய்வந்த நண்பர்கள் பலரும் "சாப்பாடுதான் சரியில்லை" என்று குறைபட்டுக் கேட்டிருக்கிறேன். அக்காவிடம் அதைச் சொன்னால் கோபமே வரும். "சாப்பாடு சரியாத்தான் இருக்கு. அவங்க போன நேரம் சரியில்ல" என்பார்.

மத்ரித்திலிருந்து அதிவேக ரயில் இரண்டு மணி நேரத்துக்குள் கொண்டுவந்து இறக்கியது. பெட்டியை வீட்டில் வைத்துவிட்டுப் பழைய நகரம் வரை நடந்தோம். மணி ஏழு. எனக்கு நல்ல பசி. கதீட்ரல் எதிரே பிளாசா தெ லா ரெய்னா சதுக்கத்திலும் அதை ஒட்டிய தெருக்களிலும் வாசலில் பலகை வைத்த கடைகள். பலகையில் மஞ்சள் மஞ்சளாகப் பயேயா படங்கள், எட்டு வகை, பத்து வகை. பயேயா என்பது அகலச் சட்டியில் செய்கிற இந்த ஊர்ச் சோறு. வெயிட்டர் ஒருவர் அட்டையை நீட்டி ஆங்கிலத்தில் கூப்பிட்டார்.

"இங்க வேணாம் தம்பி, நட."

நடந்துகொண்டே விளக்கினார். அந்தப் படங்களைக் கவனித்தால் கடைக்குக் கடை ஒரே படமாக இருக்கும். தட்டுகள் உறையவைத்து வருகின்றன, கடையில் சூடுபடுத்தித் தருகிறார்கள். அதைவிட முக்கியம், இந்த ஊர்க்காரர் யாரும் ராத்திரியில் பயேயா சாப்பிடுவதில்லை. அது மதியச் சாப்பாடு. ராத்திரி அரிசி வயிற்றில் கனமாக உட்காரும் என்பது இங்கே பாட்டி முதல் பேரன் வரை எல்லாரும் சொல்லும் பேச்சு. ஆகவே மாலை ஏழு மணிக்கு யாராவது பயேயா போட்டுத் தருகிறேன் என்றால் அது வெளியூர்க்காரருக்காக மட்டும் செய்வது.

பிறகு நேரங்களைச் சொன்னார். காலையில் எழுந்ததும் ஒரு காபி, வேண்டுமானால் கூட ஒரு துண்டு ரொட்டி. ஒன்பதரையிலிருந்து பதினொன்று வரை இரண்டாவது சாப்பாடு, அதைப் பற்றிப் பிறகு. மதியச் சாப்பாடு இரண்டு மணிக்கு. ஒன்றரைக்கு முன்னால் போனால் சமையலறையில் அடுப்பு எரியாது, மூன்றரைக்கு மேல் போனால் சட்டி காலி. ஆறு மணி வாக்கில் இனிப்பாக ஏதாவது. ராத்திரி ஒன்பதுக்கு மேல்.

இது சோம்பேறித்தனம் இல்லை என்று அக்கா அடித்துச் சொன்னார், எனக்கும் அது புரிந்தது. கிரீன்விச் தீர்க்கரேகை இந்த ஊருக்குக் கொஞ்சம் கிழக்கே கடலில் போகிறது. நியாயமாக லண்டன் மணிதான் இங்கேயும் இருக்க வேண்டும். 1940இல் ஃபிராங்கோ ஆட்சியில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி பெர்லினோடு சேர்த்தார்கள், அது அப்படியே நின்றுவிட்டது. கோடையில் இன்னொரு மணி நேரம் கூடுகிறது. இந்த ஜூன் மாதத்தில் சூரியன் உச்சிக்கு வருவதே கிட்டத்தட்ட இரண்டு மணிக்கு. ஆக, இரண்டு மணிக்குச் சாப்பிடுகிறவர்கள் சூரியக் கணக்குப்படி சரியாக உச்சிவேளையில்தான் சாப்பிடுகிறார்கள். ஒன்பதரைக்கு இன்னும் வானத்தில் வெளிச்சம் இருக்கிறது.

பசிக்கு அப்போதைக்கு ஒரு காபியும் பிஸ்கட்டும் வாங்கித் தந்தார். ஒன்பதே முக்காலுக்கு வீட்டுக்குப் பக்கத்துத் தெருவில் ஒரு பார். பார் என்றதும் நம் ஊர் நினைப்பு வேண்டாம். குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு, தாத்தா பாட்டியோடு குடும்பம் குடும்பமாக வருகிறார்கள். ரொட்டியில் தக்காளி தேய்த்து எண்ணெய் ஊற்றித் தந்தார்கள், உருளைக்கிழங்கு ஆம்லெட் ஒன்று. பிறகு ஒரு கிண்ணம் கிளோச்சினா, இந்தக் கடற்கரையின் சின்ன மட்டிச் சிப்பி. மே முதல் ஆகஸ்ட் வரைக்கும்தான் கிடைக்கும். எலுமிச்சை, பூண்டு, மிளகு போட்டு ஆவியில் திறக்கவைத்திருந்தார்கள். சிப்பியை விட அடியில் தேங்கிய சாறு எனக்குப் பிடித்தது. அதில் ரொட்டியை முக்கிச் சாப்பிட்டேன். பக்கத்து மேஜையிலும் அதைத்தான் செய்துகொண்டிருந்தார்கள்.

வியாழன், சந்தையும் பெனிமாக்லெத்தும்

மெர்காதோ சென்ட்ரால் என்ற மையச் சந்தைக்கு எட்டரைக்கே போய்விட்டோம். 1914இல் கட்டத் தொடங்கி 1928இல் திறந்த கட்டடம். இரும்பும் வண்ணக் கண்ணாடியும் ஓடுமாக, கூரை உச்சியில் காற்று காட்டும் பச்சைக்கிளி. பத்தரைக்கு மேல் சுற்றுலாக் கூட்டம் வந்துவிடும் என்பதால் அக்கா அந்த நேரத்தில் இந்தப் பக்கம் வருவதே கிடையாது. சந்தையின் நடைபாதையில் கூம்பில் போட்டு விற்கிற பழத்துண்டும் ஹாம் என்கிற பதப்படுத்திய பன்றித் தொடைக்கறியும் வாங்காதே என்றார். ஊர்க்காரர்கள் வரிசையில் நிற்கிற கடைகளில், கையில் பையும் சீட்டும் வைத்திருக்கிற அம்மாக்களுக்குப் பின்னால் நில். என்ன வாங்குகிறார்கள் என்று பார், மதியம் ஊரில் என்ன சமையல் என்று தெரிந்துவிடும். இன்றைக்குத் தட்டை பீன்ஸும், நகத்தளவு வெள்ளைப் பயறும், வலென்சியத் தக்காளியும் போய்க்கொண்டிருந்தன. அந்தத் தக்காளி மடிப்பு மடிப்பாக, ஒன்றே அரைக் கிலோ வரும். நறுக்கி உப்பும் எண்ணெயும் விட்டால் போதும், வேறெதுவும் சேர்க்கக் கூடாது என்று கடைக்காரம்மாவே எச்சரித்துத்தான் தந்தார்.

பன்னிரண்டு மணிக்குக் கதீட்ரலின் அப்போஸ்தலர் வாசலில் தண்ணீர் நீதிமன்றம். சாப்பாட்டுக் குறிப்பில் இதற்கு என்ன வேலை என்று கேட்காதீர்கள். நான் இங்கே சாப்பிடுகிற காய்கறியெல்லாம் இந்த வாய்க்கால் தண்ணீரில் விளைந்தது. தூரியா ஆற்றிலிருந்து பிரியும் எட்டு வாய்க்கால்களின் பாசனக்காரர்கள் தங்களுக்குள்ளேயே தேர்ந்தெடுத்த நடுவர்கள், கறுப்பு அங்கியோடு வந்து வட்டமாக உட்காருகிறார்கள். வியாழன்தோறும் இது நடக்கிறது. ஒவ்வொரு வாய்க்காலின் பெயரையும் சொல்லி, புகார் உண்டா என்று காவலர் கூவுகிறார். வழக்கு இருந்தால் வாய்மொழியாக விசாரணை, அப்போதே தீர்ப்பு. இன்றைக்கு எந்த வாய்க்காலிலும் புகார் இல்லை. சில நிமிஷத்தில் எழுந்து போய்விட்டார்கள். யுனெஸ்கோ 2009இல் இதைப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. அக்கா அதை ஒவ்வொரு தடவையும் நின்று பார்ப்பாராம். முறைத்தண்ணீர்ச் சண்டை பார்த்து வளர்ந்த டெல்டாக்காரருக்கு அது வேடிக்கை இல்லை.

மதியச் சாப்பாடுதான் இன்றைய பாடம். ஸ்பெயினில் எந்த ஊரிலும் வார நாட்களில், மதியம் மட்டும், "மெனு தெல் தீயா" என்று ஒரே விலையில் முழுச் சாப்பாடு உண்டு. முதல் தட்டு, இரண்டாம் தட்டு, ரொட்டி, குடிக்க ஏதாவது, கடைசியில் இனிப்போ காபியோ. இந்த ஊரில் சாதாரணக் கடைகளில் 13 முதல் 18 யூரோவுக்குள் அடங்கும். ராத்திரி அதே கடையில் தனித்தனியாகக் கேட்டால் இரண்டு மடங்கு ஆகும். "பணத்த மதியத்துல செலவு பண்ணு, ராத்திரி கொறிச்சா போதும்" என்பது அக்காவின் கணக்கு. ஊர்க்காரர்களும் அப்படித்தான்.

கடையைத் தேர்ந்தெடுக்க அவர் மூன்று விஷயம் பார்க்கிறார். பலகை கையால் எழுதியதாக இருக்க வேண்டும், ஏனென்றால் தினமும் மாறுகிறது என்று அர்த்தம். இரண்டேகால் மணிக்குள் பெயின்டர், எலக்ட்ரீஷியன், வங்கி ஊழியர் எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்திருக்க வேண்டும். மூன்றாவது, முதல் தட்டில் நாலு வகைக்கு மேல் இருக்கக் கூடாது. பன்னிரண்டு வகை இருந்தால் அத்தனையும் ஃபிரீசரிலிருந்து வருகிறது.

பல்கலைக்கழக மாணவர்கள் நிறைந்த பெனிமாக்லெத் பக்கம் ஒரு சந்துக்கடைக்குக் கூட்டிப்போனார். நல்ல வேளையாக வியாழன். ஸ்பெயின் முழுக்கவே பல கடைகளில் வியாழக்கிழமை மெனுவில் சோறு வரும். அகலமான ஒரே சட்டியில் செய்து, தீரும்வரை போடுவார்கள். இரண்டரைக்குப் பலகையில் அந்த வரியை அழித்துவிட்டார் முதலாளி. பின்னால் வந்த நாலு பேர் வருத்தப்பட்டுக்கொண்டே பருப்புக்கு மாறினார்கள். "தீந்துபோச்சுன்னு சொல்ற கடைய விடாதே. தீந்ததும் மறுபடி செஞ்சு தரேன்னா அங்க போகாதே" என்றார் அக்கா.

சைவக்காரர்களுக்கு ஒரு தனிப் பத்தி எழுதத்தான் வேண்டும். அக்கா இன்றைக்கும் மாட்டையும் பன்றியையும் தொடுவதில்லை, ஆகவே தட்டுத் தட்டாகத் தெரியும். "வெஹெதாரியானோ" என்று சொன்னால் மட்டும் போதாது. சாலட்டில் சூரை மீன் வந்து உட்காரும், பச்சைப் பட்டாணியில் ஹாம் துண்டு கிடக்கும். பருப்புக் கஞ்சியில் பெரும்பாலும் சொரிசோ என்கிற பன்றித் தொத்திறைச்சி உண்டு. வறுத்த குடமிளகாயை உரித்து எண்ணெயில் போடுகிற எஸ்கர்ராயெத் பார்க்கச் சைவம்போல இருக்கும், உள்ளே உப்புக் கருவாடு. உருண்டை உருண்டையான குரொக்கெத்தாவில் ஹாம். "நி கார்னே, நி பெஸ்காதோ, நி ஹமோன்" என்று மூன்றையும் எண்ணி எண்ணிச் சொல்ல வேண்டும். இறைச்சி வேண்டாம், மீன் வேண்டாம், ஹாமும் வேண்டாம். நம்பிச் சாப்பிடக்கூடியவை: உருளைக்கிழங்கு ஆம்லெட் (முட்டை உண்டு), தக்காளி ரொட்டி, கத்தரிக்காயும் சீமைச்சுரைக்காயும் வதக்கிய பிஸ்தோ, காரச்சாறு ஊற்றிய வறுத்த உருளைக்கிழங்கு. காய்கறிப் பயேயா கேட்டால், கொதிக்கவைக்கிற சாறு எதில் எடுத்தது என்று கட்டாயம் கேளுங்கள். பல இடத்தில் கோழிச் சாறு.

சாப்பாடு முடிந்து காபி. இங்கே கோடையில் "கஃபே தெல் தியெம்போ" கேட்கலாம். சூடான டிகாஷன் தனி, பனிக்கட்டியும் எலுமிச்சைத் துண்டும் போட்ட கிளாஸ் தனி. நாமே ஊற்றிக்கொள்ள வேண்டும். எலுமிச்சையும் காபியும் சேருமா என்று சந்தேகப்பட்டேன், குடித்த பிறகு இன்னொரு கிளாஸுக்குச் சொன்னேன்.

வெள்ளி, கபன்யாலும் அல்போராயாவும்

எஸ்மொர்சாரெத். புதனன்று பிறகு என்று தள்ளிவைத்த அந்த இரண்டாவது சாப்பாடு இதுதான். வயலுக்கு இருட்டோடு போனவர்கள் பத்து மணிக்குக் கரையேறிச் சாப்பிட்டது, இப்போது ஆபீஸ்காரர்களும் விடுவதில்லை. உட்கார்ந்ததுமே கேட்காமல் ஆலிவ் காயும் வேர்க்கடலையும் ஊறுகாயும் வந்துவிடுகின்றன. பிறகு போக்காதியோ, ஒரு முழ நீள ரொட்டிக்குள் ஆம்லெட்டோ கணவாயோ ஏதாவது அடைத்தது. குடிக்க ஒன்று. கடைசியில் காபி. எல்லாம் சேர்ந்தே பெரும்பாலும் 10 யூரோவுக்குள்.

கடற்கரை மீனவர் பேட்டையான கபன்யாலில் லா பஸ்குவாலா கடைக்குப் போனோம். பத்து மணிக்கே சத்தம் காதைப் பிளந்தது. அங்கே கொடுக்கிற ரொட்டியைப் பார்த்து மலைத்துப்போனேன். பாதி கேட்கலாம், யாரும் தப்பாக நினைப்பதில்லை, இருவர் சேர்ந்து ஒன்று வாங்குவதும் சகஜம். எனக்கு உருளைக்கிழங்கு ஆம்லெட் அடைத்தது, அக்காவுக்குக் கணவாய். பக்கத்து மேஜையில் துறைமுகத் தொழிலாளிகள் ஆறு பேர், ஒருவர்கூடப் போனைப் பார்க்கவில்லை. அரசியல், கால்பந்து, யார் வீட்டில் கல்யாணம், இதெல்லாம்தான் ஓடியது. முடிவில் அவர்கள் க்ரெமாயெத் வாங்கினார்கள். ரம்மில் சர்க்கரை, பட்டை, எலுமிச்சைத் தோல், நாலு காபிக்கொட்டை போட்டு நெருப்பு வைத்து எரித்து, அதன்மேல் காபியை இறக்குவது. சின்னக் கண்ணாடிக் கிளாஸில் அடுக்கடுக்காக நிறம் பிரிந்து நின்றது.

வெளியூர் ஆட்கள் இந்த ஊரில் ஓட்டல் பஃபேவுக்குக் காசு கொடுப்பதுதான் அக்காவுக்கு ஆற்றாமை. எட்டு மணிக்கு வயிறு முட்டத் தின்றால் பத்து மணிக்கு இதைச் சாப்பிட முடியாது, இதைச் சாப்பிடாவிட்டால் ஒரு மணிக்கே பசித்து ஏதோ பலகைக் கடையில் மாட்டிக்கொள்வார்கள். ஒரு வேளை பிசகினால் நாள் முழுக்கப் பிசகுகிறது.

மாலை ஆறு மணிக்கு மெட்ரோவில் அல்போராயா. ஒர்ச்சாத்தாவுக்குப் பேர்போன ஊர், அந்தப் பெயரிலேயே ஒரு சாலை உண்டு. சூஃபா என்ற சின்னக் கிழங்கை ஊறவைத்து அரைத்துப் பிழிந்த பால் அது. சூஃபா வேறொன்றும் இல்லை, நம் வயலில் களையென்று பிடுங்கி எறிகிற கோரையின் இனம்தான். இந்த மணற்பாங்கான நிலத்தில் பயிராகவே வைக்கிறார்கள். வசந்தத்தில் நட்டு, குளிர்காலத்தில் தோண்டி, மாதக்கணக்கில் காயவைத்து, சுருங்கியபின் விற்கிறார்கள். டேனியல் கடையில் பெரிய கிளாஸும், முக்கிச் சாப்பிட நீளமான மிருதுவான ஃபர்த்தோன் ரொட்டியும் வாங்கினோம். ஒர்ச்சாத்தாவில் மாட்டுப்பால் கிடையாது, கொட்டைப்பருப்பும் கிடையாது, ஆகவே சைவத்தில் கண்டிப்பானவர்களுக்கும் ஆகும். ஃபர்த்தோனில் மட்டும் முட்டை உண்டு.

பாட்டிலில் அடைத்து சூப்பர் மார்க்கெட்டில் விற்பது வேறு சமாசாரம். அன்றன்றைக்குப் பிழிந்தது ஓரிரு நாள்தான் தாங்கும், நாக்கில் மாவுபோல் லேசாக உறுத்தும், அடியில் வண்டல் தேங்கும். கலக்கிக் கலக்கிக் குடிக்க வேண்டும். எனக்கு முதல் மடக்கில் இனிப்பு தூக்கலாகத் தெரிந்தது. சர்க்கரை போடாததும் கேட்டால் தருவார்கள், இரண்டையும் பாதிப் பாதி கலந்தும் தருவார்கள். நான் கலப்பையே சிபாரிசு செய்கிறேன்.

சனி, ரூசாஃபா மறுபடியும்

இன்றைக்கு வெயில் தாங்கவில்லை, எழுதவும் அதிகம் இல்லை. சனிக்கிழமை ராத்திரிக்கு முன்பதிவு இல்லாமல் ரூசாஃபாவில் இடம் கிடைக்காது. வியாழனன்றே அக்கா போன் செய்துவிட்டார். ஒன்பது மணிக்குப் போனால் முதல் பந்தி, பத்தரை மணிக்கு எழுந்துவிடச் சொல்வார்கள். பேசிக்கொண்டு சாப்பிட வேண்டுமென்றால் பத்தரைக்குப் பதிவுசெய்ய வேண்டும்.

பில்லைப் பற்றிக் கேட்டேன். ரொட்டிக்குத் தனியாக ஆளுக்கு ஒன்று, ஒன்றரை யூரோ போடுவது வழக்கம். வேண்டாமென்றால் கூடை மேஜைக்கு வந்ததுமே சொல்லிவிடலாம். தெருவில் போட்ட மேஜைக்கு விலை கூடலாம், ஆனால் அதை விலைப்பட்டியலில் எழுதியிருக்க வேண்டும். குழாய்த் தண்ணீர் கேட்டால் இலவசமாகத் தர வேண்டும், 2022இல் வந்த கழிவுச் சட்டத்திலேயே இருக்கிறது. ஆனால் இந்த ஊர்த் தண்ணீர் கடினமானது, ருசி பிடிக்காவிட்டால் பாட்டிலே வாங்கிக்கொள்ளுங்கள். டிப்ஸ் கடமை இல்லை. திருப்தியாக இருந்தால் சில்லறையை விட்டுவிட்டு வருவார்கள், அவ்வளவுதான்.

ஞாயிறு, எல் பால்மார்

இன்றைக்குத்தான் பயேயா. ஞாயிறு மதியம் ஊரே அதைத்தான் சாப்பிடுகிறது, வீட்டில் இல்லாவிட்டால் தோப்பில், தோப்பு இல்லாவிட்டால் கடையில். அத்தான் காரை எடுத்தார். நகரத்துக்குத் தெற்கே பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டரில் அல்பூஃபெரா ஏரி, அதைச் சுற்றி வயல். கார் இல்லாதவர்கள் 24ஆம் எண் நகரப் பேருந்தில் வரலாம். மே மாதம் விதைத்த நெல் இப்போது முழங்கால் உயரம், தண்ணீர் தெரியாமல் பச்சை மூடிவிட்டது. அக்கா காரின் கண்ணாடியை இறக்கிவிட்டு ஒன்றும் பேசாமல் வந்தார்.

ஏரிக்கு மேற்கே இருக்கும் ஊர்களைத்தான் 2024 அக்டோபர் 29 வெள்ளம் அடித்துக்கொண்டு போனது. இருநூறுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். 1957 வெள்ளத்துக்குப் பிறகு தூரியா ஆற்றையே நகரத்துக்கு வெளியே திருப்பிவிட்டதால் நகரம் தப்பியது, சுற்றுப்புறம் தப்பவில்லை. பொயோ ஓடையின் சேறும் குப்பையும் இந்த ஏரியில்தான் வந்து இறங்கின. அத்தானின் சொந்தக்காரர்கள் அந்தப் பக்கம் உண்டு. அறுவடை அப்போது பெரும்பாலும் முடிந்திருந்தது என்றாலும் வயலை மறுபடி வயலாக்க மாதங்கள் பிடித்தனவாம். இங்கே வந்து சாப்பிட்டுக் காசு கொடுத்துவிட்டுப் போவதும் ஒரு உதவிதான் என்றார். நானும் அதையே சொல்கிறேன், வாருங்கள்.

எல் பால்மார் ஏரிக்கரைக் கிராமம், தெரு முழுக்கச் சாப்பாட்டுக் கடை. எல்லாம் ஒன்றில்லை. அக்கா சொன்ன விதிகள் இவை. முன்பதிவு செய்யும்போதே எந்தச் சோறு, எத்தனை பேருக்கு, எத்தனை மணிக்கு என்று சொல்ல வேண்டும். குறைந்தது இரண்டு பேருக்குத்தான் போடுவார்கள். ஒரு ஆளுக்குத் தட்டில் தனியாகத் தருகிறேன் என்றால் அது பெருஞ்சட்டியில் ஏற்கெனவே செய்துவைத்தது. உட்கார்ந்து இருபது நிமிஷத்தில் சோறு வந்தால் சந்தேகப்பட வேண்டும். வாசலில் விறகுப் புகை வாசனை வர வேண்டும். கடைக்குப் பின்னால் ஆரஞ்சு விறகு அடுக்கியிருந்தால் இன்னும் நல்லது.

நாங்கள் ஒரு மணிக்கே போய்விட்டோம், அத்தானுக்குத் தெரிந்த கடை என்பதால் அடுப்படியில் நிற்கவிட்டார்கள். சமைத்தவர் அறுபது வயதிருக்கும் ஒரு அம்மா. அகலச் சட்டியில் ஆலிவ் எண்ணெய் ஊற்றி, ஓரமெல்லாம் உப்புத் தூவி, கோழியும் முயலும் போட்டார். அரை மணி நேரத்துக்குக் குறையாமல் அதைத் திருப்பித் திருப்பிச் சிவக்கவிட்டார், அவசரமே இல்லை. பிறகு நடுவைக் காலிசெய்து தட்டை பீன்ஸ், கர்ரோஃபோ என்கிற பெரிய வெள்ளைப் பயறு, துருவிய தக்காளி. தக்காளி சுண்டியதும் ஒரு கரண்டி மிளகாய்ப்பொடி, காரம் இல்லாத வகை. அது கருகினால் எல்லாம் போச்சு, ஆகவே தண்ணீரைக் கையிலேயே தயாராக வைத்திருந்தார். சட்டிக் கைப்பிடியின் ஆணி வரை தண்ணீர். அதுதான் அளவு, வேறு அளவு கிடையாது. குங்குமப்பூ. கொதித்துச் சாறு இறங்கியதும் அரிசியைச் சட்டியின் குறுக்கே வரப்புப் போட்டதுபோல் நீளமாகக் கொட்டிப் பரப்பினார். அதன்பின் கரண்டியைக் கீழே வைத்துவிட்டார்.

அந்தக் கரண்டியை அவர் மறுபடி எடுக்கவே இல்லை. கிளறினால் கஞ்சி பிரிந்து குழைந்துவிடும். பத்து நிமிஷம் பெருந்தீ, பிறகு கொள்ளியை இழுத்துவிட்டு எட்டு நிமிஷம் சிறுதீ. மேலே ஒரு ரோஸ்மேரிக் கொத்து, அதையும் ஐந்து நிமிஷத்தில் எடுத்துவிட்டார். கடைசியில் காதைச் சட்டியின் பக்கம் சாய்த்துக் கேட்டார். தண்ணீர்ச் சத்தம் போய், எண்ணெயில் படபடவென்று பொரிகிற சத்தம் வந்ததும் அத்தானைப் பார்த்துத் தலையசைத்தார். சொக்கர்ராத் பிடித்துவிட்டது என்று அர்த்தம். நம் வீட்டில் வெண்கலப் பானை அடியில் பிடிக்கிற காந்தல்தான் அது, இங்கே அதற்காகவே சமைக்கிறார்கள். கருகக் கூடாது, பழுப்பாகப் பிடிக்க வேண்டும். கரண்டியால் சுரண்டினால் ஏடாக வரும்.

சட்டியை அப்படியே மேஜை நடுவில் வைத்தார்கள். தட்டு இல்லை, மரக்கரண்டிதான். ஆளுக்கொரு முக்கோணம், விளிம்பிலிருந்து நடுவை நோக்கிச் சாப்பிட வேண்டும், அடுத்தவர் எல்லைக்குள் கரண்டி போகக் கூடாது. வேண்டாத கறித்துண்டை நடுவில் தள்ளலாம். முயல் வேண்டாமென்பவர்கள் முன்பதிவிலேயே கோழி மட்டும் என்று சொல்லிவிடலாம், அக்காவுக்குப் பல வருஷமாக அப்படித்தான். அரிசி ஒரு விரல் கனம்கூட இல்லை. ஒவ்வொரு மணியும் தனித்தனியாக, ஆனால் உள்ளே சாறு ஏறி இருந்தது. கறியை விட அரிசிக்குத்தான் ருசி என்று நான் சொன்னதும் அத்தான் முகம் மலர்ந்தது. வெளியூர்க்காரர்கள் முதலில் இறால் எங்கே என்றுதான் கேட்பார்களாம். கடல் உணவுச் சோறும் நல்ல சாப்பாடுதான், கடற்கரையில் அதற்கென்று கடைகள் உண்டு. ஆனால் கோழியையும் இறாலையும் சொரிசோவையும் ஒன்றாகப் போட்ட கலவையை மட்டும் இவர்கள் பயேயா என்று ஒத்துக்கொள்ள மாட்டார்கள். இதன் செய்முறையை வலென்சிய மாநில அரசு 2021இல் பண்பாட்டுச் சொத்தாகவே அறிவித்திருக்கிறது.

இந்தக் கிராமத்தின் இன்னொரு பெயர்பெற்ற பதார்த்தம் ஆலி பெப்ரே, பூண்டும் மிளகாய்ப்பொடியும் உருளைக்கிழங்கும் போட்ட விலாங்குமீன் குழம்பு. வாசனை இழுத்தது. ஐரோப்பிய விலாங்கு அழிவின் விளிம்பில் இருக்கிறது என்பதால் அத்தான் வீட்டில் இப்போது அதை வாங்குவதில்லை. நாங்களும் கேட்கவில்லை.

நாலரைக்குத்தான் எழுந்தோம். ராத்திரி யாருக்கும் பசிக்கவில்லை, ஒரு தக்காளியை நறுக்கிப் பகிர்ந்துகொண்டோம்.

திங்கள், கிளம்பும் நாள்

ஞாயிறு ராத்திரியும் திங்களும் ஊரில் பாதிக் கடைகள் மூடியிருக்கும். வெள்ளி முதல் திங்கள் வரை வருகிறவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். வார இறுதியில் படகுகள் கடலுக்குப் போவதில்லை, சந்தையில் மீன் பகுதி வெறிச்சோடிக் கிடந்தது. திங்களன்று மீன் கேட்காதே என்றார் அக்கா. முடிந்தால் செவ்வாய் வந்து ஞாயிறு மாலை கிளம்புவது உத்தமம்.

மதியம் வீட்டுப் பக்கத்து பாரில் மெனு. அர்ரோஸ் அல் ஓர்னோ, மண்சட்டியில் அரிசி, கொண்டைக்கடலை, உருளைக்கிழங்கு, நடுவில் முழுப் பூண்டு வைத்து அடுப்பில் சுட்டது. முன்பெல்லாம் சட்டியைத் தயார்செய்து தெருமுனை ரொட்டிக்கடை அடுப்பில் கொடுத்து வாங்கிக்கொள்வார்களாம். இதில் பன்றி விலா எலும்பும் ரத்தத் தொத்திறைச்சியும் சேரும், அக்கா தனக்குப் பருப்பு வாங்கிக்கொண்டார். முழுப் பூண்டைப் பிதுக்கிச் சோற்றில் பிசைந்து சாப்பிட்டது இந்தப் பயணத்தில் பயேயாவுக்கு அடுத்தபடியாக எனக்குப் பிடித்தது.

சந்தையில் அரிசி வாங்கினேன். துணிப்பையில் கட்டிய பொம்பா ரகத்தைத்தான் எல்லா வெளியூர்க்காரரும் எடுக்கிறார்கள். அது தண்ணீர் குடித்தாலும் வெடிக்காது, நேரம் இரண்டு நிமிஷம் முன்னே பின்னே ஆனாலும் தாங்கும். செனியா ரகம் சாற்றை நன்றாக இழுக்கும், ருசி அதில்தான் என்கிறார் அத்தான், ஆனால் ஒரு நிமிஷம் தாண்டினாலே குழைந்துவிடும். முதலில் பொம்பாவில் கை பழகட்டும் என்று அக்கா அதையே எடுத்துத் தந்தார்.

"ஆளுக்கு நூறு கிராம். பொம்பான்னா அரிசிக்கு மூணு பங்கு தண்ணி வை. சட்டி அகலமா இருக்கணும், இட்லிப் பானையில போட்டு வைக்காதே. அப்புறம், ராத்திரிக்குச் செய்யாதே தம்பி, மத்தியானம் செய்."